வடக்கில்லாத அறை

அந்த ஆய்வகத்தின் கடைசி அறைக்குள் போனால் வடக்கு கிடையாது. தெற்கும் கிடையாது. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் மூன்றடுக்குத் தகடு பதித்திருந்தார்கள். பூமியின் காந்தத்தை வாசலோடு நிறுத்தி வைப்பதற்கென்றே செய்த தகடு. உள்ளே ஒரு காந்த ஊசியைக் கொண்டுபோய் வைத்தால் அது பாவம், திக்குத் தெரியாமல் விட்ட இடத்திலேயே முழித்துக்கொண்டு நிற்கும்.

இத்தனை பாடும் சில கற்களுக்காக. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதற்குள் இருக்கும் இரும்புத் துகள்கள் அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பார்த்தபடி உறைந்துபோகும். பிறகு லட்சக்கணக்கான வருஷம் ஆனாலும் பார்த்த பார்வை மாறாது. ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பத்துமூன்று குழம்பு அடுக்குகள் படிந்த ஒரு மலைச்சரிவிலிருந்து துளைத்தெடுத்த கற்கள் அந்த அறையில் மரப்பெட்டிகளில் இருந்தன. கீழ் அடுக்குகள் ஒரு பக்கம் பார்த்தன. மேல் அடுக்குகள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பார்த்தன. அதாவது நடுவில் எப்போதோ பூமியின் வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது. புரண்ட நேரத்தில் உறைந்த நடு ஏழு அடுக்குகளின் காந்தம் செத்துப்போன நாடி மாதிரி அத்தனை மெலிசு. அதை அளப்பதற்கென்றே அங்கே ஒருத்தி இருந்தாள். பதினோரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளை எல்லோரும் ‘அளவுக்காரி’ என்றார்கள். ஆய்வகத் தலைவருக்குத் ‘துருவம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஒன்று சொல்லிவிட்டு மாலையில் அதற்கு நேர் எதிராகப் புரள்வார், அதனால். மனுஷர் தங்கமானவர், வாக்குத்தான் தகரம். கல் அறுக்கிறவரை ‘அறுவை’ என்றார்கள். கல்லையும் அறுப்பார், வாயைத் திறந்தால் ஆளையும் அறுப்பார். அவர் அளவுக்காரியின் வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். வீட்டில் ‘இந்தாம்மா’ என்று கூப்பிடுகிறவர், ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டால் ‘மேடம்’ என்று கைகட்டி நிற்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி அறைக்கு இரண்டு கதவு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு சந்து. முதல் கதவுக்கு வெளியே ஒரு மரத்தட்டு. சாவி, போன், பெல்ட், கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சந்தில் ஒரு நூலில் மெல்லிய காந்த ஊசி தொங்கியது. வெளிக்கதவைச் சாத்தினால் பூமியின் பிடி அங்கே முக்கால்வாசி விட்டுப்போகும். அதனால் ஆளிடம் துளி இரும்பு இருந்தாலும் ஊசி அவரைப் பார்த்துத் திரும்பிவிடும். திரும்பினால் வந்த வழியே போக வேண்டியதுதான். ஒருமுறை துருவத்தின் ஜிப்பைப் பார்த்து ஊசி திரும்பியது. அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அளவுக்காரி கருவியில் கல் எதுவும் வைக்காமல் வெறுமனே ஓடவிடுவாள். கல் இல்லாதபோது கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றால்தான் மற்ற அளவுகளை நம்பலாம். உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பதால் இரண்டு கதவையும் சாத்திவிட்டு, வெளியே மேஜையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. பதற்றமில்லாமல், நிதானமாக. அவள் கடிகாரத்தை வைத்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினான்கு.

மின்சாரத்தின் கோளாறு அப்படி வராது. லிஃப்டோ தெருவில் போகும் லாரியோ என்றால் ஒரு குதி குதித்துவிட்டு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே குளிர்விக்கும் பம்ப் டுக் டுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கருவி. கூரைவரை அடுக்கிய கல் பெட்டிகள். வேறு யாருமில்லை. வெளியே வந்து திரையைப் பார்த்தாள். கதவு திறந்த இடத்தில் ஒரு குதி. அவள் உள்ளே நின்ற நாற்பது நொடியும் கோடு ஆடாமல் அசையாமல் இருந்தது. அவள் கதவைச் சாத்தியதும் பழையபடி ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது.

பயந்த சுபாவம் இல்லை அவளுக்கு. ஆனால் அவள் உள்ளே போனால் மூச்சை அடக்கிக்கொண்டு, வெளியே வந்தால் மூச்சு விடுகிற ஏதோ ஒன்று அந்த அறையில் இருக்கிறது என்று அந்தக் கோடு சொன்னது. அவள் கோட்டை நம்பிப் பழகியவள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் அறை மூச்சு விட்டது. நேரம் போகப்போக ஏற்ற இறக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, அவள் டீ குடிக்க எழுந்துபோகும் இரண்டரைக்குச் சட்டென்று நின்றது.

துருவத்திடம் சொன்னாள். அவர் கோட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

“எலியா இருக்கும்மா.”

“எலிக்கு ஏது சார் காந்தம்?”

“ஏதாவது ஆணியை முழுங்கியிருக்கும்.”

“நிமிஷத்துக்குப் பதினாலு தடவை மூச்சு விடற எலியா?”

“ஆணி முழுங்கின எலி எப்படி மூச்சு விடும்னு நமக்கென்ன தெரியும்?” என்றார் அவர். இரும்பில்லாத எலிப்பொறி எந்தக் கடையிலும் இல்லை என்பதால், பசை தடவிய அட்டை நான்கு வாங்கி வந்து அறையின் மூலைகளில் வைத்தார்கள். ஒரு பூச்சிகூட ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை துருவம் புரண்டார். எலி இல்லையாம், கருவியே கெட்டுவிட்டதாம். கருவி கெட்டிருந்தால் நடு ஏழு அடுக்குகளின் அளவுகளை நம்ப முடியாது, அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். அவளுடைய பதினோரு வருஷத்தை வாயால் ஊதித் தள்ளுவது அவருக்கு அத்தனை சுலபமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தாளில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல வீட்டுக்காரர் கூடத்து நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனார். இப்போதெல்லாம் நிறையத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்து தாளை விரித்தாள். இரண்டு நீளமான மேடு. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு வெடுக்கென்று ஒரு குட்டை மேடு. மறுபடி இரண்டு நீளம், நிறுத்தம், குட்டை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. இல்லை, கேட்டிருக்கிறோம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் குறட்டை விட்டார். ஒரு நீளம். இன்னொரு நீளம். நின்றது. கல்யாணமான புதிதில் அந்த நிறுத்தத்தில் பதறிப்போய் அவரை உலுக்கி எழுப்பியிருக்கிறாள். பிறகு வெடுக்கென்று ஒரு குட்டை மூச்சு.

பென்சிலை எடுத்தாள். தாளின் கோட்டுக்குக் கீழே வெற்றிடத்தில், அவர் நெஞ்சு ஏறும்போது ஏற்றினாள், இறங்கும்போது இறக்கினாள். கையை அவர் மூச்சிடம் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தபோது, மேலே இருந்த கோடும் கீழே இருந்த கோடும் ஒன்றாக இருந்தன.

அவரை எழுப்பவில்லை. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்த்த தம்ளரையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குக் கோடு மூச்சு விடத் தொடங்கியதும் அவள் உள்ளே போனாள். இந்த முறை கருவியைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனாள். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் பாயை விரித்து, செருப்பை அறுக்கும் அறையிலேயே விட்டுவிட்டு வந்த வெறும் காலோடு, கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் படுத்திருந்தார்.

“போதும், மூச்சை விடுங்க” என்றாள்.

அவர் விட்டார். விட்டதும் இருமல் வந்தது. அது சீக்கிரத்தில் நிற்கவில்லை.

“எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“ஒரு வாரமா. இங்க தூசி இல்லம்மா, ஜில்லுனு இருக்கு. கொஞ்ச நேரம் படுத்தா மூச்சு சீரா வருது.”

“மூச்சு சீரா வரலைன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“மேடத்துக்கு ஆயிரம் வேலை” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு சந்துக்கு வந்தாள். இரண்டு கதவையும் சாத்தினாள். நூலில் தொங்கிய ஊசி மெல்ல, மிக மெல்லத் திரும்பி அவர் நெஞ்சைப் பார்த்து நின்றது. அவர் மூச்சை இழுத்தபோது கொஞ்சம் முன்னால் வந்தது. விட்டபோது பின்னால் போனது. பாக்கெட்டைத் துழாவினாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். இரும்பு என்று ஒரு குண்டூசிகூட இல்லை. வெறும் நெஞ்சு. ஊசி அதைவிட்டு நகரவில்லை.

“உங்களுக்கு இது தெரியுமா?”

“ஒரு வருஷமாத் தெரியும்” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. “நான் வந்தா திரும்பும். என்மேல ஆசை போலன்னு விட்டுட்டேன். உங்கிட்ட சொன்னா உள்ள விடமாட்டே. கல் பெட்டியை யாரு தூக்கறது?”

பேய் பிடிபட்டுவிட்டது. துருவம் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவளுக்கு அந்தச் சந்துக்குள் காற்றே இல்லாதது போல இருந்தது. ஏனென்றால் அவர் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் போனது என்றும் தெரியும். யார் அனுப்பியது என்றும் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், நடு அடுக்குக் கற்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பொய் சொல்லின. எந்தக் கல்லை வைத்தாலும் அளவில் துரு வாடை. தேடித் தேடிக் கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். அறுக்கும்போது பிளேடு சூடாகாமலிருக்க மேலே தண்ணீர் விழும். அந்தத் தண்ணீர் வரும் தொட்டி பழைய இரும்புத் தொட்டி. அதன் துருதான் கல்லில் ஒட்டுகிறது. தொட்டியை மாற்றித் தாருங்கள் என்று கேட்டாள். துருவம் காலையில் சரி என்றார், மாலையில் அடுத்த வருஷம் என்றார். அவளுக்குப் பொறுமை இல்லை. சிவப்பு பெயின்ட் எடுத்து வந்து அறுக்கும் மெஷினுக்கு மேலே சுவரில் எழுதினாள். ‘தண்ணீர் கூடாது. உலர் அறுப்பு மட்டும்.’ கீழே அவள் முதலெழுத்து.

அன்றிலிருந்து அவர் கல்லை உலர்வாகவே அறுத்தார். கறுப்புத் தூசி புகைபோலக் கிளம்பும். முகமூடி கொடுத்திருந்தார்கள். போட்டால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். ஒவ்வொரு கல்லின் மேலும் அது மலையில் எந்தத் திசையில் இருந்தது என்று ஓர் அம்புக்கோடு கீறியிருக்கும். அது அழிந்தால் கல் வெறும் கல்தான். ஒருநாள் ஆவி படிந்த கண்ணாடியோடு அறுத்ததில் ஓர் அம்புக்கோடு பாதி போய்விட்டது. அன்று அவள் எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அடுத்த நாளிலிருந்து அவர் முகமூடி போடவில்லை. ஓர் அம்புக்கோடும் அதன்பின் அழியவில்லை. கற்கள் அத்தனை சுத்தமாக வந்தன. அவளுடைய அளவுகளை வெளியூரிலிருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்கள்.

பிளேடிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லுகளைப் பொறுக்க அவர் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்திருந்தார். அதை வைத்துக்கொள்ள அவருடைய ஏப்ரனில் ஒரு பை வேண்டும் என்று கேட்டார். அவள் கெட்டித்துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். இடது நெஞ்சில். காந்தம் நாள் முழுக்க அங்கேதான் கிடக்கும். மத்தியானம் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அவர் தூங்கப் போவார். காந்தம் வெளியே தங்கிவிடும். அது அவர் நெஞ்சுக்குள் திருப்பிவைத்த தூசி அவரோடு கடைசி அறைக்குள் போகும்.

அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அன்று சாயங்காலமே அவளிடம் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனாருக்கும் இவளுக்கும் பேச்சென்றால் கேலியும் கிண்டலும்தான். படத்தை விளக்கின் முன் மாட்டியதும் நாத்தனாரின் கேலி நின்றுபோனது.

“அண்ணி, மணலை அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கு.”

“சரியாகிடுமா?”

“தூசி இருக்கறது தெரியுது. அது நுரையீரலைத் தழும்பாக்கிடுச்சா இல்லையான்னு இதுல தெரியலை. ஸ்கேன் எடுக்கணும், பெரிய டாக்டர் பாக்கணும். பதினஞ்சு நாள் ஆகும். அண்ணன் எப்படி அண்ணி இவ்வளவு தூசியை முழுங்கினாரு? தண்ணி விட்டுத்தானே அறுப்பாங்க?”

அளவுக்காரி வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார். “சளி பிடிக்குதுன்னு நான்தான் தண்ணியை நிறுத்திட்டேன்” என்றார். பொய் சொல்லும்போது அவர் காதைத் தொடுவார். தொட்டார்.

பதினைந்து நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் துருவம் ஒரு பழைய கட்டுரையைத் தேடி எடுத்து வந்தார். வெல்டிங் செய்கிறவர்களின் நெஞ்சை இப்படிப்பட்ட கருவியால் அளந்திருக்கிறார்கள். காந்தத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் தூசி எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். நுரையீரல் உயிரோடு, இளக்கமாக இருந்தால் அது தூசியைச் சும்மா விடாது. உருட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் கலைந்து, அளவு பூஜ்யத்துக்கு வந்துவிடும். தழும்பாகி இறுகிய இடத்தில் தூசி அசையாது. திருப்பிய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

“கல்லு மாதிரி” என்றாள் அவள்.

“கல்லு மாதிரி” என்றார் துருவம். அவர் அன்று புரளவில்லை. “பூஜ்யத்துக்கு வந்துட்டா கவலையில்லம்மா. மத்தியானம் கோடு சிறுத்துக்கிட்டே போச்சில்ல? நல்லாத்தான் இருக்கும்.”

வியாழக்கிழமை காலை. கருவிக்கு அருகில் மரப்பெஞ்சு போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். எந்தக் கல்லையும் முதலில் தொடாமல் அளக்க வேண்டும், அது இயல்பாக எங்கே பார்க்கிறது என்று எழுதிக்கொண்ட பிறகுதான் அதை எதுவும் செய்ய வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். அன்று அவள் அதைச் செய்யவில்லை. மறந்துவிட்டதாகப் பின்னால் துருவத்திடம் சொன்னாள். மறக்கவில்லை. பார்க்கப் பயந்தாள்.

ஸ்பீக்கர் காந்தத்தை அவர் பக்கத்தில் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை. பொத்தான் அளவு சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, அவர் வலது நெஞ்சில் வைத்து, ஒரு நிமிடம் பிடித்திருந்தாள். கை பட்டதும் அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

“மேடம், ஆபீஸ் நேரத்துல இதெல்லாம் தப்பு.”

“சும்மா படுங்க. தூங்குங்க.”

“தூங்குன்னு சம்பளம் குடுத்துச் சொல்ற ஆபீஸ் இது ஒண்ணுதான்.”

காந்தத்தை வெளியே எடுத்து வந்து கதவுகளைச் சாத்தினாள். மேஜைக்கு வந்தாள். துருவம் பின்னால் நின்றார். கோடு பூஜ்யத்துக்கு மேலே உயரத்தில், வலப்பக்கத்துக்கான அளவில், ஏறி இறங்கியது. இரண்டு நீளம், நிறுத்தம், குட்டை. அவர் தூங்கிவிட்டார்.

கால் மணி நேரத்தில் கோடு பாதி இறங்கியது. அரை மணியில் முக்கால். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சின் மேடுகளும் கூடவே சிறுத்தன. நாற்பதாவது நிமிடத்தில் கோடு பூஜ்யத்தைத் தொட்டது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மூச்சே நின்றுபோனதுபோல நேர்க்கோடு.

“பூஜ்யம்!” என்று துருவம் கத்தினார். “பூஜ்யம்மா! ஒண்ணுமில்ல அவனுக்கு!”

அவளுக்குக் கண்ணில் நீர் பொங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள். மேஜையில் தலையை வைத்து, தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு நன்றி சொன்னாள். தலையை நிமிர்த்தியபோது துருவம் சிரிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. மெல்ல, ஓசையில்லாமல், எதிர்ப்பக்கமாக. மூச்சு மறுபடி தெரிந்தது. ஆனால் தலைகீழாக. முன்பு மேடாக இருந்த இடமெல்லாம் இப்போது பள்ளம். இரண்டு நீளமான பள்ளம், நிறுத்தம், ஒரு குட்டைப் பள்ளம்.

“நடு அடுக்கு மாதிரி...” என்று ஆரம்பித்த துருவம் வாயை மூடிக்கொண்டார்.

அவர் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக அவள் கற்களில் பார்த்தது இதைத்தான். மேலே புதிதாகப் படிந்தது கலைந்து போனால் அடியில் இருக்கும் பழையது வெளியே வரும். பொத்தான் காந்தம் இளகிக் கிடந்த தூசியை மட்டும்தான் திருப்பியது. அது கலைந்துவிட்டது. அதற்கும் அடியில், அந்தச் சின்னக் காந்தத்துக்கு அசைந்து கொடுக்காமல், வேறொன்று இறுகிக் கிடந்தது. மத்தியானங்களில் கோடு சிறுத்துக்கொண்டே போனதையும் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அவர் எழுந்து போனதையும் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றேகால் மணி ஆனது. கோடு இறங்கின இடத்திலேயே தங்கிவிட்டது.

மூன்று அச்சின் எண்களையும் எடுத்து, கல்லுக்குப் போடுவதுபோலவே திசையைக் கணக்குப் போட்டாள். கை தானாகப் போட்டது. விடை நெஞ்சின் இடது பக்கம், மேலே, சட்டைப் பை இருக்கும் இடத்தைக் காட்டியது. இரட்டைத் தையல் போட்ட இடம்.

துருவம் அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் போய்விட்டார்.

அவள் உள்ளே போனாள். கதவுச் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

“என்ன, பூஜ்யத்துக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்புறம் ஏன் அழறே?”

“வந்துட்டு அந்தப் பக்கம் போயிடுச்சுங்க.”

“எந்தப் பக்கம்?”

அவள் விரலால் அவர் இடது நெஞ்சைத் தொட்டாள். அவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை.

“நான்தான்” என்றாள் அவள். “தண்ணியை நிறுத்தினது நான். முகமூடிக்குத் திட்டினது நான். பையைத் தச்சதும் நான்.”

“சுவத்துல எழுதியிருக்கே. தெரியாதா எனக்கு?” என்றார் அவர். “அறுக்கும்போது எதுத்தாப்புல அதுதானே இருக்கு. உன் கையெழுத்து. நாலு வருஷமா தினம் படிச்சுக்கிட்டே இருக்கேன்.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்ப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சந்துக்கு வந்தார்கள். உள்கதவைச் சாத்தினாள். நூலில் தொங்கிய ஊசி திரும்பி அவரைப் பார்த்தது. இப்போது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அவர் வெளிக்கதவைத் திறந்து வெளிச்சத்துக்குள் போகும்வரை அது அவருடைய இடது நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது.